அளவெட்டிக்கு வந்த கோடு

ஒரு முகத்தை உலோகத்தில் வெட்டிய கோடுகளாலேயே அச்சில் சொல்லிவிடலாம் என்பதை ஐரோப்பாவில் முதலில் கண்டவர்கள் பொற்கொல்லர்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் ரைன் ஆற்றுப் பக்கத்துப் பட்டறைகளில் வெள்ளிக் கிண்ணத்திலும் வாள்பிடியிலும் பூவேலை செதுக்கியவர்கள், வெட்டிய பள்ளத்தில் மையைத் தேய்த்து, ஈரக் கடதாசியை அழுத்தி, வேலை எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்திலிருந்துதான் செப்புத்தகட்டுச் செதுக்கல் பிறந்தது என்பது கலை வரலாற்றாசிரியர் பலருடைய முடிவு. ஆண்டு பொறித்த செதுக்கல் அச்சுகளில் ஆகப் பழையது 1446ஆம் ஆண்டுக்குரியது.

செதுக்குளி ஒரு சிறிய உருக்குக் கம்பி. நுனியைச் சரிவாகத் தீட்டியிருப்பார்கள். மரப்பிடி உள்ளங்கைக்குள் அடங்கும். வலது கை முன்னோக்கித் தள்ளும், அவ்வளவுதான். வளைவு வேண்டுமென்றால் உளி திரும்பாது. தோல் மெத்தையில் வைத்த தகட்டை இடது கை சுழற்றிக் கொடுக்கும். மெல்லத் தள்ளினால் மயிரிழைக் கோடு. அழுத்தித் தள்ளினால் அதே கோடு தடிக்கும். இந்த வேலையில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. மை, அல்லது வெறும் கடதாசி. கோடு நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம், அது வளைகிற விதத்தில் திரட்சி.

அந்தக் கோடு இப்போது யாழ்ப்பாணத்து அளவெட்டியில் ஒரு கணினி மேசைக்கு வந்திருக்கிறது. இறந்தவரின் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு என்ற நினைவு மலரை அச்சிடும் குடும்பங்கள், பழுதான பழைய படத்தைக் கொண்டுவந்து "அந்தக் காலத்துப் புத்தகப் படம் மாதிரி" செய்து தரச் சொல்லுகிறார்கள். படம் திருத்தும் மென்பொருளில், பதிந்துவைத்த கட்டளைகளின் தொடரான மக்ரோ ஒன்றை ஓட்டினால் சில நொடிகளில் கோடு விழுந்துவிடும். அது நடந்து வந்த வழியைத் தெரிந்துகொள்ளாமல் ஓட்டினால் ஆள் மாறிவிடும். அதனால்தான் இந்தக் கதையை எழுதுகிறேன்.

நியூரம்பேர்க் நகரத்து அல்பிரெக்ட் டியூரர் ஒரு பொற்கொல்லரின் மகன். தகப்பனுடைய பட்டறையில் தொழில் பழகிவிட்டுத்தான் ஓவியத்துக்குப் போனார். 1513, 1514இல் அவர் செதுக்கிய தகடுகளில் தோளிலும் கன்னத்திலும் ஓடும் கோடுகளைப் பார்த்தால், மேட்டு நிலத்தைச் சுற்றி வளைந்து போகும் ஏர்ச்சால் போல உடம்பின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்தே போவது தெரியும். கோடு நிழலைக் காட்டுவதோடு நிற்காமல், அந்த இடத்தில் தோல் எந்தப் பக்கம் சரிகிறது என்றும் சொன்னது.

அதற்குப் பிறகு வந்தவர் ஹென்றிக் கோல்ற்சியுஸ் (1558–1617), ஒல்லாந்தர். சின்ன வயதில் நெருப்பில் விழுந்து வலது கை சுருங்கிப் போனவர். அந்தக் கையாலேயே உளியைப் பிடித்து, ஒரே கோட்டை மெலிவாகத் தொடங்கி நடுவில் தடிக்கவைத்து மறுபடி மெலிவாக முடிக்கும் வித்தையை உச்சத்துக்குக் கொண்டுபோனார். இன்றைக்குக் கணினியில் 'செதுக்கல் விளைவு' என்று நாங்கள் தேடுவது பெரும்பாலும் இவருடைய கோட்டைத்தான். தடித்து மெலியும் கோடு இல்லாவிட்டால் அது சும்மா வரிபோட்ட கடதாசி.

பாரிஸில் குளோட் மெலான் 1649இல் இன்னும் ஒரு படி போனார். யேசுவின் முகத்தை ஒரே ஒரு கோட்டால் செதுக்கினார். மூக்கு நுனியில் தொடங்கும் சுருள் வட்டம், சுற்றிச் சுற்றி விரிந்து, முள்முடி, தாடி, முகம் துடைத்த துணி என்று தகடு முழுவதையும் நிறைக்கிறது. கோடு எங்கேயும் இன்னொரு கோட்டை வெட்டவில்லை. கண் இருக்கும் இடத்தில் தடிக்கிறது, நெற்றியில் மெலிகிறது. சாம்பல் அளவைக் கோட்டின் தடிப்பாக மாற்றுவது என்ற கணக்கு முழுமையாக அந்தத் தகட்டிலேயே இருக்கிறது. மக்ரோ எழுதுகிற எவரும் ஒருமுறை அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும்.

செப்புத்தகட்டுக்கு ஒரு குறை இருந்தது. மை பள்ளத்தில் நிற்கும். எழுத்து அச்சிலோ மை மேட்டில் நிற்கும். இரண்டையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே இழுப்பில் அச்சடிக்க முடியாது. இங்கிலாந்தில் தோமஸ் பியூவிக் (1753–1828) பொக்ஸ்மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் செப்புக்குரிய உளியாலேயே செதுக்கி இதைத் தீர்த்தார். குறுக்குவெட்டில் நார் ஓடாது, நுணுக்கக் கோடு சிதையாது. கட்டையை ஈய எழுத்தின் உயரத்துக்கே செய்யலாம். அப்படியே பத்திரிகைக்குள் படம் நுழைந்தது. 1842 மே 14இல் தொடங்கிய 'இலஸ்ட்ரேற்றட் லண்டன் நியூஸ்' பெரிய படத்துக்குப் பல சிறு கட்டைகளைச் சேர்த்துப் பூட்டியது; கட்டைகளைப் பிரித்துப் பலரிடம் கொடுத்து ஒரே நேரத்தில் செதுக்குவித்தது.

யாழ்ப்பாணத்தில் அச்சு நிலைகொண்டது அந்தக் காலத்தையொட்டித்தான். அமெரிக்க மிசனின் அச்சாளர் ஜேம்ஸ் கரற் 1820இல் வந்து இறங்கியும், தங்க ஆங்கில அரசு அனுமதி கொடுக்கவில்லை. 1834இல் ஈஸ்ற்மன் மைனர் வந்த பிறகே மானிப்பாயில் மிசன் அச்சகம் ஓடத் தொடங்கியது. 1841 ஜனவரியில் 'உதயதாரகை' வந்தது. மானிப்பாய் அளவெட்டிக்குத் தெற்கே, சைக்கிள் ஓடும் தூரம். பின்னாளில் தெல்லிப்பழையிலும் மிசன் அச்சகம் இருந்தது. அது எங்களுக்கு இன்னும் கிட்ட.

அதே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்தார். மேல்நாட்டு மருத்துவ நூல்களை மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். அவற்றுள் ஒன்று ஹென்றி கிறேயின் உடற்கூற்று நூல். 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872இல் தமிழில் வெளிவந்தது. கிறேயின் 1858ஆம் ஆண்டு மூல நூல் பெயர் பெற்றதில் பாதிப் பங்கு அதன் மரச்செதுக்கல் படங்களுக்கு உரியது. வன்டைக் காட்டர் என்ற இளம் வைத்தியர் படங்களை நேரே கட்டையில், கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி வரைந்தார். பட்டர்வேர்த் அன்ட் ஹீத் பட்டறைக்காரர் செதுக்கினார்கள். தசையின் நார் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையிலேயே கோடு ஓடுகிறது. மாணவன் ஒருவன் அந்தக் கோட்டைப் பார்த்தே தசை எங்கே பிடித்துக்கொண்டு எங்கே இழுக்கிறது என்று அறியலாம். கோட்டின் திசை அழகுக்கு வந்ததல்ல, அதுவே பாடம்.

கையால் மட்டும் செய்த தொழில் என்று நினைக்கவும் கூடாது. யந்திரம் முன்பே புகுந்துவிட்டது. வில்சன் லவ்ரி என்ற ஆங்கிலேயச் செதுக்குநர் 1790 அளவில் கோடிடும் யந்திரம் ஒன்றைச் செய்தார். வானம், சுவர் போன்ற தட்டையான இடங்களுக்கு வைரமுனை சமதூரத்தில் இணைக்கோடு இழுத்துக்கொண்டே போகும். செதுக்குநர் முகத்துக்கும் கைக்கும் நேரத்தை வைத்துக்கொள்ளலாம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதியைப் பிரித்து யந்திரத்திடம் கொடுப்பதுதானே மக்ரோவும். 1857இல் வெளியான இலங்கையின் முதலாவது தபால் முத்திரையும் இந்தக் கூட்டு வேலைதான். லண்டன் பேர்க்கின்ஸ் பேக்கன் கம்பனி அடித்த ஆறு பென்ஸ் முத்திரையில் விக்ரோறியா இராணியின் முகம் வில்லியம் ஹம்ப்றிஸ் என்பவரின் கைவேலை. பின்னால் உள்ள நுண்ணிய சுழல்கோலம் கடைசல் யந்திரத்தின் வேலை.

என்னை எல்லாவற்றிலும் கூடுதலாக வியக்கவைத்தது, 1830களில் பாரிஸில் அஷீல் கொலா ஓட்டிய யந்திரம். ஒரு பக்கத்தில் பதக்கம். அதன் மேல் ஒரு மழுங்கிய ஊசி நேர்கோட்டில் ஊர்ந்து போகும். மூக்கு வந்தால் ஏறும், கண்குழி வந்தால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் அப்படியே பக்கவாட்டு அசைவாக மாறி, மறுபக்கத்துத் தகட்டில் ஒரு வைரமுனையை விலக்கும். கீழே வந்து சேர்வது சமதூர இணைக்கோடுகளே. ஆனால் மேடு வந்த இடத்தில் அவை வளைந்து விலகி, தட்டைக் கடதாசியில் பதக்கத்தின் தலை புடைத்து எழும். பழைய நாணயங்களையும் பதக்கங்களையும் இந்த முறையில் பதிந்து பல தொகுதி நூல்கள் வெளியிட்டார்கள். இன்று ஃபோட்டோஷொப்பிலும் அஃபினிற்றி ஃபொட்டோவிலும் 'டிஸ்பிளேஸ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு படத்தின் வெளிச்ச அளவைப் பார்த்து இன்னொரு படத்தின் புள்ளிகளை நகர்த்தும். கொலாவின் ஊசி செய்ததையே அது செய்கிறது. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டால்தான் எனக்குப் பிறகு தலையிடி வந்தது. அதற்கு வருகிறேன்.

புகைப்படம் 1839இல் உலகத்துக்கு வந்தபோது கோடு உடனே செத்துப்போகவில்லை. புகைப்படத்தை எழுத்தோடு சேர்த்து அச்சிட வழி இல்லாதபடியால், மரச்செதுக்குநர் புகைப்படத்தைப் பார்த்தும், 1860களிலிருந்து கட்டையின் மேலேயே புகைப்படத்தைப் பதித்தும் செதுக்கினார்கள். 1882இல் ஜேர்மனியில் ஜோர்ஜ் மைசன்பாக், சாம்பலைச் சின்னதும் பெரியதுமான புள்ளிகளாக உடைக்கும் ஹாஃப்ரோன் முறைக்கு உரிமை பெற்றார். அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் செதுக்குநரின் மேசைகள் காலியாகின. உலகம் முழுவதும் துத்தநாகப் புளொக் வந்தது. எங்கள் ஊர் முதிய அச்சகக்காரர் இன்றைக்கும் படத்தைப் 'புளொக்' என்றுதான் சொல்லுவார்கள்.

கோடு ஒதுங்கிப் பிழைத்தது பணத்தாளில். விரல் நுனிக்குத் தட்டுப்படும் மேடான மை, தடித்து மெலியும் கோடு, சுழல்கோலம். கள்ளநோட்டுக்காரனுக்குக் கடினம் என்பதற்காகவே அரசாங்கங்கள் அந்தத் தொழிலைக் காப்பாற்றி வைத்தன. பத்திரிகைக்கு அது திரும்பி வந்தது 1979இல். கெவின் ஸ்ப்றவுல்ஸ் என்ற ஓவியர் நியூயோர்க்கின் 'வோல் ஸ்றீற் ஜேர்ணலுக்கு' புள்ளியும் குறுங்கோடுமாகச் சிறிய முகப்படங்கள் வரைந்து கொடுத்தார். ஒரு முகத்துக்கு மணிக்கணக்கில் எடுக்கும். அப்படிப்பட்ட படங்களைப் பார்த்தால் கணினிக்காரருக்கு 'இதை ஒரு பொத்தானில் கொண்டுவர முடியாதா' என்ற ஆசை வரத்தானே செய்யும்.

1996இல் வந்த ஃபோட்டோஷொப் 4இல் 'அக்ஷன்' என்ற வசதி சேர்ந்தது. ஒருமுறை செய்த படிகளைப் பதிந்துவைத்து, வேறு படத்தில் அதே வரிசையில் ஓட்டலாம். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் செதுக்கலுக்கென்றே ஒரு வடிகட்டி இருக்கிறது. கிடையாகக் கோடு போட்டு, அடியிலுள்ள வெளிச்சத்துக்கு ஏற்பத் தடிப்பை மாற்றும். 2016 டிசம்பரில் அஃபினிற்றி ஃபொட்டோ 1.5 மக்ரோவைக் கொண்டுவந்தது. பெயர்தான் வேறு, உள்ளே நடப்பது ஒன்று.

நடப்பதைச் சொல்கிறேன். படத்தை முதலில் வெறும் சாம்பல் அளவுகளாக்குகிறோம். அதன் மேல் இணைக்கோடுகள் நிறைந்த ஒரு லேயர். இந்தக் கோடுகள் கூர்மையான கறுப்பாக இருக்கக்கூடாது. ஒவ்வொன்றும் நடுவில் கறுத்து, இரு ஓரமும் படிப்படியாக வெளுக்கவேண்டும். அந்த வெளுப்பின் அளவையும் படத்தின் அளவையும் கூட்டி, ஓர் எல்லைக்குக் கீழே இருப்பதெல்லாம் கறுப்பு, மேலே இருப்பதெல்லாம் வெள்ளை என்று வெட்டிவிடுகிறோம். படம் இருண்ட இடத்தில் கோட்டின் வெளுத்த ஓரமும் எல்லைக்குக் கீழே விழுந்து கறுப்பாகும், கோடு தடிக்கும். வெளிச்சமான இடத்தில் நடுக்கறுப்பு மட்டும் மிஞ்சும், கோடு மெலியும். இன்னும் வெளிச்சமானால் அறுந்துபோகும். கோல்ற்சியுஸின் கை அழுத்தம் ஒரு கூட்டல் கணக்காகிவிட்டது.

கணக்கென்றபடியால் அளவும் முக்கியம். அங்குலத்துக்கு 50 கோடு வேண்டுமென்று வைத்துக்கொண்டால், 600 டிபிஐ படத்தில் ஒரு கோட்டுக்கும் அதன் இடைவெளிக்கும் சேர்த்து 12 பிக்சல்தான். ஆகவே பன்னிரண்டு தடிப்புக்கு மேல் கிடையாது. கன்னத்தில் படி படியாகத் தெரியும். 1200 டிபிஐயில் 24. அதற்குப் பிறகுதான் கோடு வழுக்கிக்கொண்டு போகும். இணையத்தில் இறக்கிய மக்ரோ பலருக்கும் சரிவராமல் போவதற்கு முதற் காரணம் இதுதான். எழுதியவர் 3000 பிக்சல் அகலப் படத்தில் பதிந்திருப்பார். வட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தில் ஓட்டினால் மூக்கும் வாயும் நாலு கோட்டுக்குள் அமிழ்ந்துவிடும். மக்ரோவின் முதற்படியாகவே படத்தை ஒரே அகலத்துக்குப் பெருப்பிக்கும் கட்டளையைச் சேர்த்துவிட வேண்டும்.

இருண்ட இடங்களுக்கு இரண்டாவது கோட்டு வரிசை. முதல் வரிசையைச் செங்கோணத்தில் வெட்டினால் சதுரம் சதுரமாகக் கண்ணைக் குத்தும். சாய்வாக வெட்டினால் சாய்சதுரங்கள் வரும். பழைய செதுக்குநர் அப்படித்தான் வெட்டினார்கள். இன்னொன்றையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். நான் இறக்கிப் பார்த்த மக்ரோக்கள் பலவும் வெளிர்த்தோல் முகத்தை வைத்து அளவு குறித்தவை. எங்கள் நிறத்து முகம் உள்ளே போனால், தோல் முழுவதையும் நிழல் என்று எண்ணி இரண்டு மூன்று வரிசை கோட்டை ஏற்றிவிடும். கண் எங்கே என்று தெரியாது. கோடு போட முதல், தோலின் அளவை நடுச் சாம்பலுக்கு உயர்த்தி, கண்மணியையும் மயிரையும் மட்டும் கறுப்பில் நிறுத்தும் ஒரு வளைவைக் கையாலேயே வைக்கவேண்டும். ஓர் ஆளின் நிறத்தைப் பிழை என்று திருத்தும் வேலை அல்ல இது. மக்ரோவின் பிழையைத் திருத்தும் வேலை.

இனி, எனக்குத் தலையிடி தந்த ஒரு தவில்காரரின் படம்.

அளவெட்டி மேளத்துக்குப் பேர்போன ஊர். தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தியும் (1933–1975) நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனும் (1931–2003) வாழ்ந்த ஊர். அவர்களுடைய படங்கள் மலர்களிலும் மேடைகளிலும் இருக்கின்றன. ஆனால் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்த, திருவிழாக்களில் விடிய விடிய நின்ற, பேர் வெளியே போகாத எத்தனையோ பேர் உண்டு. அப்படி ஒருவருடைய கல்வெட்டுக்காக அவருடைய மகள் ஒரு படத்தைக் கொண்டுவந்தார். இளவயதில் எடுத்தது. வெறும் மேல், கழுத்தில் சங்கிலி, நெற்றியில் திருநீற்றுக் குறி, மடியில் தவில். 1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் வலிகாமமே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து நடந்தபோது உடுப்புகளுக்குள் போனது. அடுத்த வருடம் திரும்பி வந்தது. ஈரம் பட்டு, இடது கன்னத்தில் பூஞ்சணம் வெள்ளையாய்ப் படர்ந்திருந்தது. சாதாரணமாக ஸ்கான் செய்து அச்சடித்தால் அந்த வெள்ளை இன்னும் கூடுதலாகத் தெரியும். கல்வெட்டின் உட்பக்கங்கள் ஒற்றை நிறக் கறுப்பில், சாதாரணக் கடதாசியில். புள்ளிகள் ஊறிச் சேறாகிவிடும். கோடு ஊறினாலும் கோடாகவே நிற்கும். இந்த இடத்துக்குச் செதுக்கல் முறை பொருந்தும் என்று நான் சொன்னது அதனால்தான். பழைமை வாசத்துக்காக அல்ல.

கோட்டை 'டிஸ்பிளேஸ்' கட்டளையால் வளைக்கும் படியும் சேர்ந்த என் மக்ரோவை ஓட்டினேன். தவிலில்தான் முதற் சிக்கல். தவிலின் வார்கள் ஒரு வாயிலிருந்து மறுவாய்க்குச் சாய்ந்து ஓடுகின்றன. என் கோடுகளும் கிட்டத்தட்ட அதே சாய்வில், கிட்டத்தட்ட அதே இடைவெளியில். இரண்டும் மோதி, படத்தில் இல்லாத பட்டை பட்டையான அலைகள் தோன்றின. தவிலை வேறாக வெட்டி எடுத்து, அதன் மரத்துக்குக் கோட்டைச் சுற்றளவைப் பின்பற்றி வளைத்து, வார்களைக் கோடே போடாமல் வெள்ளையாக விட்டேன். பியூவிக் மரத்தில் செய்தது அதைத்தான்: கறுப்பிலிருந்து வெள்ளையை வெட்டி எடுப்பது. வலக்கை விரல்களின் கூடுகளும் இடக்கையின் கழியும் தெளிவாக வந்துவிட்டன. எனக்குத் திருப்தி.

மகள் வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. இது அப்பா இல்லை."

"எது அக்கா பிழை?"

"கன்னம் இப்பிடி உப்பி இருக்காது. ஊதுற ஆக்களுக்குத்தான் அப்பிடி. அப்பா தவில்காரர் எல்லே. அவருக்குத் தாடை எலும்பு தள்ளிக்கொண்டு நிக்கும். நெத்தியும் ஏதோ மடிப்பு விழுந்த மாதிரிக் கிடக்கு."

அவர் விரல் வைத்துக் காட்டிய பிறகு எனக்கும் தெரிந்தது. கொலாவின் ஊசி உண்மையான மேட்டைத் தொட்டது. என் மக்ரோ தொட்டது வெளிச்சத்தை. வெளிச்சமாக இருப்பதெல்லாம் மேடு, இருட்டாக இருப்பதெல்லாம் பள்ளம் என்பதே அதற்குத் தெரிந்த ஒரே நியாயம். ஆகவே பூஞ்சணம் பிடித்த கன்னத்தை உருண்டையாக ஊதிவிட்டது. நெற்றியில் இருந்த மூன்று திருநீற்றுக் குறிகளும் மூன்று வரம்புகளாய் எழுந்துவிட்டன. சந்தனப் பொட்டு ஒரு புடைப்பு.

மக்ரோவை இரண்டாக வெட்டினேன். முதலாவது, படத்தைத் துப்புரவாக்கி, பெருப்பித்து, தோலின் அளவை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு நின்றுவிடும். அந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறத்தில் ஒரு புதிய லேயர் திறந்து, முகத்தின் மேடு பள்ளத்தை நானே மெல்லிய தூரிகையால் தீட்டினேன். மூக்குத் தண்டு வெளிச்சம், கண்குழி இருட்டு, நெற்றி ஒரே சீராகப் பின்னோக்கிச் சரிவு. திருநீறு அங்கே இல்லை. அது நிறம், உருவமல்ல. மகள் பக்கத்துக் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, தாடை எலும்பை வெளியே கொண்டுவந்தோம். "இன்னும் கொஞ்சம்... காதடிக்குக் கிட்ட." பிறகு இரண்டாவது மக்ரோ அந்த மேடுபள்ளப் படத்தைப் பார்த்துக் கோட்டை வளைத்தது; மூலப் படத்தைப் பார்த்துக் கோட்டின் தடிப்பைத் தீர்மானித்தது. நெற்றிக் கோடுகள் வழுவழுவென்று ஓடின, குறி இருந்த இடத்தில் மட்டும் மெலிந்து வெளுத்தன. கன்னம் தாழ்ந்தது. மகள் "ம்" என்றார்.

செதுக்குநர் நானூறு வருடம் தகட்டைச் சுழற்றியது இந்தத் திசைக்காகத்தான் என்று நான் நம்புகிறேன். தடிப்பை யந்திரத்திடம் கொடுக்கலாம். கொடுத்துவிட்டோம், நன்றாகவே செய்கிறது. கோடு எந்தப் பக்கம் சரியவேண்டும் என்பது ஆளைத் தெரிந்த ஒருவரிடம்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் அந்த ஆள் பெரும்பாலும் ஒரு மகள், ஒரு மருமகன், கூட வாசித்த ஒருவர். அவர்களைக் கேட்காமல் செய்த செதுக்கல் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், அதுவும் மேலே மங்கல் மஞ்சள் பூசி 'பழைய படம்' என்று காட்டும்போது, எனக்கு மனம் பொறுக்கிறதில்லை.

அச்சகத்துக்கு அனுப்பும்போது ஒரு கவனம். கோட்டுப் படத்தை ஜேபெக் ஆக்கினால் ஓரங்களில் சாம்பல் துகள் ஒட்டும். அச்சக யந்திரம் அதைப் புகைப்படம் என்று எண்ணி மறுபடியும் புள்ளியாக உடைக்கும். கோடு பல்லுப் பல்லாகும். ஒரு பிக்சலுக்கு ஒரே ஒரு பிற், கறுப்பு அல்லது வெள்ளை, 1200 டிபிஐ, கறுப்பு மை மட்டும். நாலு நிறத்தையும் கலந்த கறுப்பாக விட்டால் தகடுகள் ஒரு மயிரளவு விலகினாலும் கோட்டைச் சுற்றி நிறக்கரை விழும்.

கல்வெட்டுகள் இங்கே வீட்டு அலுமாரிகளில் செல்லரிக்கின்றன. ஒரு பங்கு லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பயணப் பெட்டியில் போகிறது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் இப்போது நினைவு மலர்களையும் சேர்க்கிறார்கள். ஸ்கான் செய்யும்போது கோடு நன்றாகத் தாக்குப் பிடிக்கிறது. அங்குலத்துக்கு 150 வரிசைப் புள்ளிகளாக அச்சடித்த புகைப்படத்தை 300 டிபிஐயில் ஸ்கான் செய்தால் ஒரு புள்ளிக்கு இரண்டு பிக்சல்தான் கிடைக்கும். முகத்தில் கட்டம் கட்டமாக அலை ஓடும். 50 வரிசைக் கோட்டுக்கு ஆறு பிக்சல் கிடைக்கிறது. முகம் முகமாகவே போய்ச் சேரும்.

புத்தகம் அச்சாகி வந்த பிறகு மகள் மறுபடியும் வந்தார், இந்த முறை தாயின் படத்தோடு. தாய் முன்னமே காலமானவர். இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். பெருவிரல் நகத்தளவு முகம், தோளில் முத்திரையின் வளையம், பளிச்சென்ற வெளிச்சத்தில் மூக்கும் கன்னமும் ஒன்றாகிப் போயிருந்தன. மக்ரோ பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை. முதலாவது பகுதியை ஓட்டி, சாம்பல் லேயரைத் திறந்துவிட்டுக் கேட்டேன்.

"மூக்குத்தி போடுறவவோ?"

"ஓம். வலப்பக்கம். படம் எடுக்கேக்கை கழட்டிப்போட்டா. மூக்கைக் கொஞ்சம் கூராப் போடுங்கோ, பிறகு நான் சொல்லுறன்."